மேனேஜருக்கு மூன்று வேளை

கீழ்வீட்டு இஸ்திரிக் கடைப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் நான்தான். வேலை செய்கிற இரண்டு பேருக்கு நடுவில் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஆபீசில் அப்படி ஒருவர் இருந்தார். அவருக்கும் மீசை உண்டு. பெயர் தெருவுக்கே பிடித்துப்போய், "மேனேஜர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் துணி போட வருவார்கள்.

நான் மாடியில் ஒண்டிக்கட்டை. கீழே முன்னறை கடை, பின்னறை அவர்கள் வீடு, அதற்கும் பின்னால் ஒரு குழாய், துவைக்கிற கல், நாலு கொடிக்கயிறு. இஸ்திரிக்காரரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். முப்பது வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அக்கா. அவர் தேய்த்துத் தள்ளுவார், அக்கா மடித்து அடுக்குவாள். பேச்சு அதிகம் கிடையாது. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள்.

இப்படி இருந்த வீட்டில்தான் ஷட்டர் விழுந்தது. ஒரு சாயங்காலம் மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. துணி நனைந்துவிடுமே என்ற அவசரத்தில் அண்ணன் கொக்கியை மாட்டி ஷட்டரை ஒரே இழுப்பாக இழுத்தார். மேனேஜர் பாதி உள்ளே, பாதி வெளியே. வால் மாட்டிக்கொண்டது. அது உயிருக்குப் பயந்து முன்னால் பாய்ந்தது. வால் பின்னால் நின்றுவிட்டது. "பார்த்து இழுங்க" என்று தினமும் சொல்லுகிற அக்கா அன்றைக்குப் பார்த்துச் சொல்லவில்லை. குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வாலை எடுத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். கூடையைச் சுமந்துகொண்டு போனவன் என்பதால் நானும் குடும்பத்தில் சேர்த்தி.

"புண்ணு ஆறிடும். ஆனா இழுத்த இழுப்புல வாலடி நரம்பு போயிடுச்சு. ஒண்ணுக்கு வருதுன்னே அதுக்குத் தெரியாது. மூத்திரப்பை ரொம்பி ரொம்பி வழியும். வழியுதே, தானா போகுதேன்னு விட்டுடாதீங்க. மூணு வேளையும் கையால அமுக்கி எடுத்தாகணும். ரெண்டு நாள் விட்டீங்கன்னா விஷம் ரத்தத்துல ஏறிடும்."

"ரெண்டுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"அது அதோட இஷ்டத்துக்கு வரும். நடக்கும்போது விழும், தூங்கும்போது விழும். அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது, துடைக்கத்தான் முடியும்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"அது இருக்கிறவரைக்கும். மத்தபடி ஆரோக்கியமான பூனைதான். பத்து வருஷம்கூட இருக்கும்."

அக்காவின் கையைப் பிடித்து டாக்டரம்மா பூனையின் வயிற்றில் வைத்தார். பின்னங்கால் தொடைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தேடினால் எலுமிச்சம்பழம் போல ஒன்று உருளும். அதை நழுவவிடாமல் பிடித்து, பழுத்த தக்காளியைப் பிடிப்பதுபோல அளவாக, வால்பக்கமாக அழுத்த வேண்டும். அக்காவுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. சட்டையின் நெசவை விரலால் தடவியே இது எந்தத் துணி, எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லுகிறவள் ஆயிற்றே. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது. செய்யத் தெரிந்தவள் தலையில்தானே எல்லாம் விடியும்.

காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. இதற்கு நடுவில் துணி. பழைய வெள்ளை வேட்டிகளையும் படுக்கை விரிப்புகளையும் சதுரம் சதுரமாகக் கிழித்து, மேனேஜருக்கு இடுப்புத் துணி கட்டிவிடுவாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணி. கெட்ட நாளில் இருபது. நான் பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பேன். அதை விரித்து அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் துணி, துணியின்மேல் மேனேஜர். அவருக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை. துணியைக் கட்டிக்கொண்டு அதே முறைப்போடு உட்கார்ந்திருப்பார். ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் என்று தெருவில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் யாரும் துணி துவைக்கவில்லை.

அந்த மழைக்காலம் லேசில் விடவில்லை. கொடியில் போட்டது மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஈரம் போகாத துணியில் நாற்றமும் போகாது. இஸ்திரிக் கடைக்கு நாற்றத்தைவிடப் பெரிய விரோதி வேறு கிடையாது. லேசாக இருக்கிற வாடையைக்கூடச் சூடு பட்டதும் இஸ்திரிப் பெட்டி எழுப்பிவிட்டுவிடும். அதனால் வாடிக்கைக்காரர் துணியெல்லாம் முடிந்த பிறகு, தனிப் பலகையில், ஒரு பழைய பெட்டியால் அண்ணன் பூனைத் துணியைத் தேய்த்துக் காயவைப்பார். அதைப் பார்க்க வேண்டும். நாலு மூலையும் நேராக இழுத்து, நாலாக மடித்து, கத்தி மாதிரி விளிம்பு எடுத்து அடுக்கிவைப்பார். "பூனை மூத்திரம் பெய்யறதுக்கு இவ்வளவு மடிப்பா அண்ணே?" என்றால், "கை வேற மாதிரி போகாது தம்பி" என்பார்.

அந்த மடிப்புதான் ஒருநாள் மானத்தை வாங்கியது. அடுத்த தெரு வக்கீலின் துணிக்கட்டோடு மேனேஜரின் துணி ஒன்று போய்விட்டது. வெள்ளை வெளேர் என்று, நாலாக மடித்து. வக்கீல் கைக்குட்டை என்று நினைத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கோர்ட்டில் புழுக்கம். எடுத்து நெற்றியைத் துடைத்திருக்கிறார், வாயைத் துடைத்திருக்கிறார். சாயங்காலம் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"இது என்னதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அண்ணன் தரையைப் பார்த்தார். அக்காதான் சொன்னாள். "எங்க வீட்டுத் துணிங்க, தவறிப்போய் வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"வீட்டுத் துணின்னா?"

வக்கீல் அல்லவா, விடுவாரா. குறுக்கு விசாரணையில் உண்மை வெளிவந்தது. மேனேஜர் மூட்டை மேலிருந்து அவரை முறைத்தார். வக்கீல் மறுபடி துணி போட வந்தது பெரிய மனசு. ஆனால் வேறு நாலு வீட்டுக்காரர்கள் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அன்றைக்கு அக்கா பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து சோப்பு போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பேப்பர் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"சோத்துல கை வச்சா சோப்பு வாசனை வருது தம்பி. சோப்புக்கு அடியில வேற ஒண்ணும் வருது. ரெண்டு ரொட்டியை டீயில தொட்டுத் தின்னேன். அதைக் கையால பிசைய வேண்டாம் பாருங்க." சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அடுத்த வாரம் மகள் வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்கு எட்டு மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "அம்மா, நீ உடனே வா" என்று ஒரே அழுகை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. திரும்பி வர இரண்டு மாதமாவது ஆகும்.

பூனையை என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறந்த குழந்தை வரப்போகிற வீட்டுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. டாக்டரம்மாவிடம் தங்கவைக்க இடம் இல்லை. நான் ஒரு தரம் கையை நீட்டிப் பார்த்தேன். மேனேஜர் என் கட்டைவிரலில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அண்ணன் கற்றுக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் பூனை போகும். நடுவில் நாலு நாள் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பாடம் ஆரம்பமானது. அன்றைக்கு எனக்கு விடுமுறை. பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

"இங்க. கையை எடுக்காதீங்க."

"எடுக்கல."

"அமுக்காதீங்க, மொதல்ல தேடுங்க. உருண்டையா வரும்."

"ஒண்ணும் வரலியே."

"நிதானமாத் தேடுங்க."

"எலும்பு வருது. தோலு வருது. அதுக்குமேல என்ன இருக்குன்னு எனக்கு எங்க தெரியுது? இந்தக் கையில குழாய்த் தண்ணி சில்லுனு இருக்கா சூடா இருக்கான்னே தெரியாது. நீதானே சொல்லணும்?"

அது பொய்யில்லை. முப்பது வருஷம் பெட்டியைப் பிடித்து, ஆவியில் வெந்து, அவர் உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. கொப்புளம் வந்தால்கூட அக்கா பார்த்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

"சரி, விடுங்க, நகருங்க" என்று அக்கா அவரை விலக்கிவிட்டு, ஒரு நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டு எழுந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. கொஞ்சம் அழுத்தினார், மேனேஜர் கத்திக்கொண்டு அவர் மணிக்கட்டைக் கடித்தார். "நான் அமுக்கினா உசுரு போயிடும்போல இருக்கே" என்று கையை எடுத்துவிட்டார். புதன்கிழமை அவரால் கையை வைக்கவே முடியவில்லை. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "உங்க கை அப்படி. என்ன பண்றது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்து மேஜையில் நின்று துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குக் கொண்டுவரச் சொன்னாங்க. ஊசி போட்டா தூங்கிடுமாம். வலி இருக்காதாம்."

அண்ணன் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் தேய்த்த பேண்ட்டுகளில் பாதிக்கு இரண்டு மடிப்புக் கோடு விழுந்திருந்தது.

வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். கூடை தூக்குகிறவன் நான்தானே. வெளியே தூறல். அக்கா மத்தியானம் மேனேஜருக்கு ஒரு முட்டையை வேகவைத்து உதிர்த்துப் போட்டாள். முழுவதையும் தின்றது. மத்தியானம் அழுத்தவில்லை. "இனிமே எதுக்குங்க அதைப் போட்டுப் பாடுபடுத்தணும். அஞ்சு மணிக்குப் போகப் போகுது" என்றாள். நாலு மணிக்கெல்லாம் அதன் வயிறு உப்பிக் கிடந்தது. துணி நனைந்து சாக்கும் நனைந்திருந்தது. யாரும் மாற்றவில்லை.

அண்ணன் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்க்க எடுத்தார். பெட்டியை எடுத்தார். இஸ்திரி போடுகிறவர்கள் சூடு பார்ப்பது எப்படி என்று கவனித்திருக்கிறீர்களா? பெட்டியைக் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோவார்கள். கைக்குத் தெரியாத சூடு கன்னத்துக்குத் தெரியும். அவர் அப்படித்தான் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்ப்பார், நானும் பார்த்து அலுத்தவன். அன்றைக்குப் பெட்டியைக் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொள்வதுபோல நின்றார். பிறகு பெட்டியை வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு, பின்னறைக்குப் போனார்.

நான் எட்டிப் பார்த்தபோது அவர் தரையில் முழுசாகப் படுத்திருந்தார். நனைந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மேனேஜரைப் பக்கவாட்டில் கிடத்தி, அதன் வயிற்றில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பூனை உறுமியது. அவர் முகத்தை மெல்ல மெல்ல நகர்த்தினார். உறுமல் நின்றது. ஒரு காலைத் தூக்கி அவர் காதின்மேல் வைத்துக்கொண்டது.

"இருக்கு" என்றார். "தம்பி, இருக்கு. இங்க இருக்கு. ஐயோ, கல்லு மாதிரி இருக்கே!"

கன்னத்தை எடுக்காமலே கையைக் கொண்டுபோய், கன்னம் இருந்த இடத்தில் விரலைப் பொருத்தினார். பிறகு முகத்தை ஒரு அங்குலம் விலக்கிக்கொண்டு அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கன்னத்தை வைத்துப் பார்த்தார், விரலைச் சரிசெய்தார், அழுத்தினார். பீய்ச்சிக்கொண்டு வந்தது பாருங்கள், அவர் கழுத்து, சட்டை, மீசை எல்லாம். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

அக்கா கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள். சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"பாதிதான் வந்திருக்கு" என்றாள். "இன்னும் அமுக்குங்க."

டாக்டரம்மாவுக்கு நான்தான் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜருக்கு அண்ணனே எடுத்தார். பதினைந்து நிமிஷம் பிடித்தது. ஆனால் எடுத்துவிட்டார். அக்காவோடு பஸ்ஸுக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் துணி குவிந்திருந்ததால் அவர் வாசலோடு நின்றுவிட்டார். பஸ் நிலையத்தில் ஈர பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"கவலைப்படாமப் போங்கக்கா. அண்ணனுக்குத்தான் வந்துடுச்சே."

"தம்பி, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவர்கிட்ட சொல்லவே கூடாது."

"சொல்லுங்க."

"நான் அவருக்கு எடத்தை மாத்திக் காட்டினேன்."

எனக்குப் புரியவில்லை.

"திங்கக்கிழமை அவர் கையைப் பிடிச்சு வச்சேனே, அது நாலு விரல் முன்னாடி. அங்க வெறும் விலாவும் வயிறும்தான். மொதல்ல சரியாத்தான் வைக்கப் போனேன். என்னமோ தெரியல, கை தானாத் தள்ளிப் போயிடுச்சு. செவ்வாக்கிழமை தெரிஞ்சேதான் வச்சேன்."

"ஏன்க்கா?"

"முடியல தம்பி." சாதாரணமாகத்தான் சொன்னாள். "எழுந்ததுலேருந்து படுக்கிறவரைக்கும் இந்தக் கை நாறுது. பொண்ணு வயித்துல இருக்கிற பிள்ளையை இந்தக் கையாலதான் வாங்கப் போறேன். பூனையைக் கொல்லணும்னு நான் நினைக்கல. அதுவா ஒரு முடிவுக்கு வந்துட்டா நல்லா இருக்குமேன்னு நினைச்சேன். அவர் கைக்குத் தெரியலைன்னு ஆயிட்டா என் பேர்ல பாவம் இல்லையேன்னு நினைச்சேன்."

இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால் நான் சொல்லவில்லை.

"நேத்து அவர் அப்படிப் படுத்துக்கிடந்ததைப் பாத்தப்ப எனக்குச் சந்தோஷம் வந்திருக்கணுமில்ல? ஐயோ, இன்னும் எத்தனை வருஷமோன்னுதான் வந்துச்சு. மூணு மாசம் பெத்த பிள்ளையை வளர்க்கிற மாதிரி துடைச்சு எடுத்தவ நான். எனக்கு ஏன் இப்படி ஒரு மனசு?"

பஸ் வந்துவிட்டது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "ஆறு மணிக்கு ஞாபகப்படுத்துங்க. வேலையில மறந்துடுவார்" என்றாள்.

ஆறு மணிக்கு நான் கீழே இறங்கினபோது அவர் மறக்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டு, குழாயடியில் குந்தி பூனைத் துணியை அலசிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. அவருக்குத் துவைத்துப் பழக்கமில்லை. முழங்கைவரை நுரை.

"பஸ் ஏறும்போது அழுதாளா?"

"கொஞ்சம்."

"எதாவது சொன்னாளா?"

"ஞாபகப்படுத்தச் சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஒரு துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"கன்னத்தை வச்சப்பதான் தம்பி தெரிஞ்சுது. அவ காட்டின எடத்துக்கு நாலு விரல் பின்னாடி இருக்கு. முப்பது வருஷமா காலர் தேய்க்கிறவனுக்கு நாலு விரல் எவ்வளவுன்னு தெரியாதா? மூணு மாசமா அவ எடுக்கிறதைத் தூரத்துல நின்னு பாக்கிறேன். ஒருநாளும் அவ கை அங்க போனதில்ல."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"கோவமா அண்ணே?"

"யார் மேல? நான் ஒரு இழுப்புல பண்ணினதை அவ மூணு மாசமா கழுவிக்கிட்டிருந்தா. நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்னு ஒருநாள் சொல்லியிருப்பேனா? கை மரத்துப்போச்சு, கை மரத்துப்போச்சுன்னு சொல்லியே தப்பிச்சுக்கிட்டேன். கன்னம் மரத்துப்போகலியே. மொத நாளே படுத்துப் பாத்திருக்கலாமில்ல? அப்படி ஒரு காரியம் பண்ற அளவுக்கு அவளைக் கொண்டுவந்து விட்டவன் நான்தான். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. பொண்ணைப் பாக்கப் போன எடத்துல கிடந்து மறுகுவா."

உள்ளே போன் அடித்தது. அவர் கையெல்லாம் சோப்பு. நான் ஓடிப்போய் எடுத்துவந்து அவர் காதில் வைத்துப் பிடித்தேன். பஸ் இரைச்சல் எனக்கே கேட்டது.

"எடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

"எடுத்துட்டேன். துணியும் துவைச்சாச்சு. நீ சாப்டியா?"

"ஒரு ரொட்டி தின்னேன். சரியா வந்துச்சா?"

"முழுசா வந்துடுச்சு. இந்தா பாரு, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இனிமே இது என் வேலை. நீ திரும்பி வந்தப்புறமும் என் வேலைதான். மூணு வேளையும். நீ அதைத் தொடவே வேண்டாம். கேட்டுச்சா?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது, யாரோ யாரிடமோ சில்லறை கேட்டார்கள். பிறகு அக்காவின் குரல் வந்தது, ஆனால் வார்த்தையாக வரவில்லை.

"ஏய், அழாதே" என்றார் அவர், நுரைக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு. "பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க. சாஞ்சு தூங்கு. எடம் வந்தா அவங்களே எழுப்புவாங்க."

அவள் போனை வைக்கவில்லை. நானும் அவர் காதிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.